பிறர் குடியேறும் வீடு

பொன்னேரிக்கு மேற்கே, சின்னம்பேடு என்னும் சிற்றூரில் எழுந்தருளியிருக்கிறார் சிறுவாபுரி பாலசுப்பிரமணியர். இராமபிரானின் புதல்வர்களாகிய லவனும் குசனும் தந்தையென்று அறியாமல் அவருக்கு எதிராக அம்பெடுத்த இடம் இது என்பதும், ‘சிறுவர் அம்பெடு’ என்பதே மருவிச் சின்னம்பேடு ஆயிற்று என்பதும் தலபுராணச் செய்தி. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிப் போற்றிய தலம். செவ்வாய்க்கிழமைதோறும் இங்கே கூடும் அன்பர்களில் பெரும்பாலோர் கொண்டுவரும் விண்ணப்பம் ஒன்றுதான்: சொந்தமாக ஒரு வீடு. ஆறு செவ்வாய்க்கிழமைகள் இடைவிடாமல் வந்து வழிபட்டால் அது கைகூடும் என்பது நம்பிக்கை.

சிறுவாபுரியில் வேண்டப்படுவது தான் வாழ்வதற்கான வீடு. பிறர் வாழ்வதற்கென்றே, விற்கும் எண்ணத்தோடு கட்டப்படும் வீடும் உண்டு. அதற்கு இறைவனிடம் என்ன வேண்டிக்கொள்வது? கட்டுபவருக்கு அதில் என்ன கடமை? பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகக் கிழக்கே சென்று பழவேற்காட்டை அடைவோருள் சிலருக்கு இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முன்னோர் விட்டுச்சென்ற மனை ஒன்று அங்கே இருக்கும். வாரிசுகள் சென்னையிலோ, மும்பையிலோ, கடல் கடந்தோ வாழ்வார்கள். ஓய்வுக்காலத்தில் அங்குச் சென்று குடியிருக்கும் எண்ணம் இராது. வெறும் மனையாக விற்பதைவிட ஒரு வீட்டைக் கட்டி விற்றால் பேரப்பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும் என்று தோன்றும். இந்த ஆசையில் குற்றமில்லை. பொருள் தேடுவது இல்லறத்தானுக்கு விதிக்கப்பட்ட கடமையே. அது அறவழியில் வரவேண்டும் என்பதே நிபந்தனை.

பெரியோர் சொல்லும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. பார்வதி தேவி விரும்பியதற்கிணங்கச் சிவபெருமான் விசுவகர்மாவைக் கொண்டு இலங்கையில் ஒரு பொன்மாளிகை எழுப்பினார். கிரகப்பிரவேசத்தை நடத்திவைக்க வந்த புரோகிதர், தட்சிணையாக அந்த மாளிகையையே கேட்டுவிட்டார். ஐயன் தயங்காமல் கொடுத்தார். தேவிக்கென்று கட்டப்பட்ட மாளிகை ஆதலால் அதில் ஒரு மூலையும் குறையாயிருந்ததில்லை. கொடுக்கும்போது அந்த நிறைவோடே அது கைமாறியது. விற்பதற்காகக் கட்டுவோர் நெஞ்சில் இருத்தவேண்டிய கதை இது. வாணிகம் செய்வோருக்குத் திருவள்ளுவர் வகுத்த இலக்கணமும் இதுவே. பிறர் பொருளையும் தம் பொருளாகவே கருதிப் பேணுவதுதான் வாணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் அவர் நிறுத்துகிறார்.

முதலில் மண்ணைப் பற்றிய தெளிவு வேண்டும். தந்தை வழிச் சொத்து என்றால் உடன்பிறந்தாரின் பங்கு அதில் உண்டு. சகோதரிகளுக்குச் சீர் செய்து அனுப்பியாயிற்று, அவர்களுக்கு இனி என்ன உரிமை என்று எண்ணும் பழக்கம் முதியோரிடையே இன்னும் மறையவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான உரிமையைப் பிறப்பினாலேயே தருகிறது. திருத்தம் வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது. தங்கையின் கையெழுத்து இல்லாமல் எழும் சுவரின் மேல் வாங்குபவர் தம் வாழ்நாள் சேமிப்பை வைக்கிறார். நாளை வழக்கு வந்தால் தவிப்பவர் அவரே.

கோயில் நிலமோ என்று பார்ப்பதும் இன்றியமையாதது. கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வரும் மனைகள் சில, ஆதியில் இறைவன் பெயருக்கு எழுதிவைக்கப்பட்டவையாக இருக்கும். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. சிவன் சொத்து குலநாசம் என்று பாட்டிமார் சொன்னதை அறியாதவர் இல்லை. மூலப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் செங்கல் வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பழவேற்காட்டில் மண்ணைப் பற்றிப் பேசினால் நீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் பொதுவான இந்த உப்பங்கழி ஏரியைக் கடலிலிருந்து பிரித்து நிற்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கி ஆறும் ஏரியில் கலக்கின்றன. கடலும் ஏரியும் சந்திக்கும் முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்வதும், வெள்ளம் வந்தால் திறப்பதுமாக இருக்கும். நிலத்துக்கும் நீருக்கும் இடையே உள்ள எல்லை இங்கே ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்ததை இக்கரையிலுள்ள குப்பங்கள் மறக்கவில்லை. கோடையில் சென்று பார்ப்பவருக்குக் காய்ந்த மனையாகத் தெரிவது ஐப்பசி, கார்த்திகையில் என்னவாகும் என்பதை அவ்வூரில் ஆண்டு முழுவதும் வாழ்பவரே அறிவார். தொலைவில் வாழும் உரிமையாளர், அடைமழைக் காலத்தில் ஒருமுறையேனும் நேரில் சென்று மனையில் நின்று பார்க்க வேண்டும்.

சட்டமும் இந்நீரை மதிக்கிறது. 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள், கடலையும் அலையேற்றம் உள்ள கழிகளையும் ஒட்டிய நிலத்தில் கட்டடங்களுக்கு வரம்பு விதிக்கின்றன. நீரை ஒட்டிய பகுதி பெரும்பாலும் கட்டக்கூடாத இடம். பரம்பரையாகக் கரையில் வாழும் மீனவர் முதலான மக்களின் குடியிருப்புகளுக்கு அவ்விதிகளில் தனிச் சலுகை உண்டு. படகும் வலையும் தண்ணீருக்கு அருகில் இருந்தாக வேண்டியவர்களுக்காக ஏற்பட்ட சலுகை அது. அதைத் தம் பெயருக்கு வளைத்துக்கொண்டு வெளியூராருக்கு விடுமுறை வீடு கட்டி விற்பது, பசித்தவன் இலையிலிருந்து சோற்றை எடுப்பதற்குச் சமம்.

இவ்வூர் மீனவரிடம் ‘பாடு’ என்றொரு பழைய முறை உண்டு. ஏரியில் மீன் படும் நல்ல இடங்களை எவரும் தமக்கென்று பிடித்துவைத்துக் கொள்வதில்லை. ஊரார் கூடிச் சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று முறைவைத்துக் கொள்கிறார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்கு, நாளை மற்றொருவருக்கு. எழுத்துப் பத்திரம் கேட்காமல் தலைமுறைகளாக இது நடந்து வந்திருக்கிறது. இத்தகைய மக்களுக்கு நடுவே ஒரு மனை பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தால், அதில் வலை உலர்த்துவார்கள். கரைக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையும் அதன் ஓரமாகப் போகும். 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு நடந்த வழிக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே பாதுகாப்பளிக்கிறது. வேலி போடுமுன் ஊர்ப் பெரியவர்களிடம் நேரில் பேசி, பாதைக்கென நான்கடி விட்டுக் கொடுத்தால் நிலம் சிறிது குறையும். வாங்கி வருபவருக்கோ அண்டை அயலாரின் முகமலர்ச்சி கிடைக்கும்.

இனிச் சுவருக்குள் மறைந்திருப்பதைப் பற்றி. விற்பனை வீட்டில் அறம் சோதிக்கப்படும் இடம் இதுதான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். அவர்கள் காலத்துக் கல்லறைகள் சில இன்றும் எழுத்துச் செதுக்கலோடு நிற்கின்றன. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் நுண்ணிய சிற்பங்களாக அமைந்துள்ளன. அக்காலக் கட்டடங்களில் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமே இருந்தன. உப்புக்காற்று அவற்றை மெல்லத்தான் தின்னும். இன்றைய வீட்டைத் தாங்குவதோ இரும்புக் கம்பி. கான்கிரீட்டில் உப்பு கலந்துவிட்டால் கம்பி உள்ளேயே துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளக்கும். முதல் சில ஆண்டுகளில் ஒன்றும் தெரியாது. பின்னர் ஒருநாள் கூரையின் அடிப்பகுதி பெயர்ந்து தொட்டிலின் மேல் விழும்.

இதற்குப் பரிகாரம் பொறியாளர் அறிந்ததே. இந்தியத் தர நிர்ணய விதி 456, கடற்கரைச் சூழலுக்கு ஆட்படும் கம்பிக் கான்கிரீட்டுக்கு எம் 30 தரத்தையும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் ‘கவர்’ கனத்தையும் குறைந்த அளவாகச் சொல்கிறது. கலவைக்கும் நனைப்புக்கும் நன்னீர் வேண்டும். கழிமணலும் உப்புக் கிணற்று நீரும் ஆகா. நன்னீரை லாரியில் கொண்டுவரச் செலவாகும். பூச்சு பூசியபின் எது போட்டார்கள் என்று வாங்குபவர் கண்டுபிடிக்கவே முடியாது. உரிமையாளர் 60 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையில் இருப்பார். மேஸ்திரி தொலைபேசியில் “எல்லாம் சரியாயிருக்குங்க ஐயா” என்பார். ஐயாவும் அதை நம்ப விரும்புவார், ஏனென்றால் செலவு குறைகிறது. பாவம் இந்த இடத்தில்தான் ஓசையின்றி உள்ளே நுழைகிறது. தாமே அங்குப் படுத்துறங்கப் போவதாயிருந்தால் எந்த நீரில் கலவை குழைக்கச் சொல்வாரோ, அதே நீரில்தான் இதற்கும் குழைக்க வேண்டும். கம்பி கட்டும் நாளிலும் கான்கிரீட் போடும் நாளிலும் நேரில் நிற்க இயலாத முதியவர், தம்மிடம் சம்பளம் பெறும் ஒரு பொறியாளரையாவது நிற்கச் செய்ய வேண்டும்.

தொலைவிலிருப்போர் பெரும்பாலும் செய்வது, உள்ளூரில் ஒருவருக்குப் ‘பவர்’ எழுதிக் கொடுப்பது. கட்டட வேலையை மேற்பார்க்கவும் அனுமதி பெறவும் அது போதும். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. அதிகாரப் பத்திரத்தை மட்டும் கைமாற்றிச் செய்யும் விற்பனையால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுத்தவர் காலமாகிவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். ஆதலால், வயதில் மூத்தவர்கள் விற்கும் நாளில் தாமே பதிவு அலுவலகம் சென்று கையெழுத்திடுவதே நிம்மதி.

வழிபாட்டு முறையிலும் ஒரு ஐயம் எழுவதுண்டு. விற்கப்போகும் வீட்டுக்கு வாஸ்து பூஜை செய்ய வேண்டியவர் யார்? அந்தகாசுரனோடு நடந்த போரில் சிவபெருமானின் வியர்வையிலிருந்து தோன்றிய பூதத்தைத் தேவர்கள் பூமியில் அழுத்தி அமர்ந்தனர் என்றும், வீடு கட்டுவோரின் பூஜையைப் பெறும் வரத்தோடு அதுவே வாஸ்து புருஷன் ஆயிற்று என்றும் மச்ச புராணம் கூறும். அவ்வரம் கட்டுவோரைக் குறித்தது. ஆகவே பூமி பூஜையும் மனைகோலுதலும் மண்ணைத் தோண்டுபவரின் கடமை. சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22 ஆகிய எட்டு நாள்களில் வாஸ்து புருஷன் கண்விழிப்பதாகப் பஞ்சாங்கங்கள் குறிக்கின்றன. அன்று அவர் விழித்திருக்கும் ஒன்றரை மணி நேரத்தில், போஜனமும் தாம்பூலமும் கொள்ளும் கடைசி 36 நிமிடங்கள் மனைகோலுதலுக்கு உகந்தவை.

கிரகப்பிரவேசம் குடியேறுபவருக்கு உரியது. பால் காய்ச்சி, விளக்கேற்றி, பசுவை முன்னிட்டு நுழையும் மகிழ்ச்சியை அவருக்கே விட்டுவைக்க வேண்டும். பழவேற்காடு பல சமயத்தாரும் கலந்து வாழும் ஊர். வாங்குபவர் ஓர் இசுலாமியராகவோ கிறித்தவராகவோ இருக்கலாம். அவர் தம் முறைப்படி வேண்டிக்கொண்டு நுழைவார். கட்டியவர் மண்ணுக்குச் செய்த பூஜை அதனால் குறைவுபடாது.

விற்கும் நாளில் மறைக்காமல் சொல்லவேண்டியவை சில உண்டு: கார்த்திகை மழையில் நீர் எதுவரை வந்தது, கிணற்றுநீர் உவர்ப்பா, பாதை யாருக்கு உரியது. கட்டட வரைபடமும், எந்தக் கம்பி எத்தனை எடை வாங்கப்பட்டது என்னும் ரசீதுகளும் சாவியோடு சேர்ந்து கைமாற வேண்டும். கட்டி விற்போர் 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைத் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பணிக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கு அச்சட்டத்தின் பதிவுக் கட்டாயம் இல்லை. சிறு மனை என்பதால் மனச்சான்றுக்கு அத்தகைய விலக்குக் கிடையாது. உண்மையைச் சொன்னதால் விலையில் சில ஆயிரம் குறைந்தால், அதைத் தர்மத்தில் சேர்ந்த கணக்காக எழுதிக்கொள்ளலாம்.

வந்த பொருளில் முதல் பகுதியை, மனையை விட்டுச்சென்ற முன்னோரின் பெயரால் அவ்வூர்க் கோயிலின் திருவிளக்குக்கோ அன்னதானத்துக்கோ அளிப்பது முறை. மீதம் பேரப்பிள்ளைகளுக்கு ஆகட்டும். அடைமழை இரவில் அந்த வீட்டுக்குள் அறியாத ஒரு குடும்பம் அச்சமின்றி உறங்குமானால், தொலைவிலிருந்து கட்டிய முதியவருக்கும் அன்றிரவு நல்ல உறக்கம் வரும். கந்தன் கருணை இரு வீட்டாரையும் காக்கட்டும்.