பந்தலைப் பிரிக்கிறவன்

போன வருஷம் ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் மகள் வீட்டில் இருந்தபோது, எடின்பரோவில் ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தியின் கண்காட்சி ஒன்றுக்கு அழைத்துப் போனாள். அவருடைய 50 வருஷக் கலை வாழ்க்கையைக் காட்டும் கண்காட்சி. மனிதர் 1956-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பண்ணைகளில் வேலை செய்தவர். இப்போது ஸ்காட்லாந்தில் பென்பான்ட் என்ற கிராமத்தில் இருக்கிறார். இலைகளை முள்ளால் கோத்து ஆற்றில் விடுவார். உறைந்த பனிக்குச்சிகளைத் தண்ணீர் தொட்டு ஒட்டவைப்பார், வெயில் வந்தால் அது உருகிப்போகும். மழை தொடங்கும் நேரம் பார்த்துத் தரையில் படுத்துக்கொள்வார். எழுந்தால் அவர் உருவம் மட்டும் காய்ந்த தரையாகத் தெரியும். மழை அதையும் சில நிமிஷத்தில் அழித்துவிடும். மிஞ்சுவது புகைப்படம்தான்.

"பாத்தீங்களாப்பா, இதுதான் கலை. ஒரு ஆணி அடிக்கலை, ஒரு துண்டு பிளாஸ்டிக் இல்லை. அந்தக் கிறிஸ்டோ மாதிரி ஊரையே துணியால சுத்தி வேடிக்கை காட்டலை" என்றாள் மகள்.

வந்த இடத்தில் வாதம் எதற்கு என்று தலையாட்டி வைத்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. மகள் மட்டும் சொல்லவில்லை, படித்தவர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஒருவர் இயற்கையின் பிள்ளை, இன்னொருவர் விளம்பரப் பிரியர் என்று. இது தவறு என்பது என் கட்சி.

கிறிஸ்டோவைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. பல்கேரியாவில் பிறந்தவர். மனைவி ழான்-குளோத் மொராக்கோவில் பிறந்தவர். இருவருக்கும் பிறந்த நாள் ஒன்றே: 1935 ஜூன் 13. இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். மனைவி 2009-இலும் கணவர் 2020-இலும் காலமானார்கள். 1976-இல் கலிபோர்னியாவில் குன்றுகளின் மேல் சுமார் 39 கிலோமீட்டர் நீளத்துக்கு ஐந்தரை மீட்டர் உயர வெள்ளைத் துணி வேலி போட்டார்கள். 1995-இல் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாகைத் துணியால் மூடினார்கள். இரண்டும் 14 நாள்தான். பிறகு பிரித்துவிட்டார்கள்.

இருவருடைய வேலையும் தற்காலிகம், இருவரும் செய்தது திறந்த வெளியில். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

முதல் வித்தியாசம், யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்பது. கோல்ட்ஸ்வொர்த்தி விடிகாலையில் தனியாகப் போய் ஓடைக்கரையில் உட்காருகிறார். யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டியதில்லை, "இது எதுக்குய்யா?" என்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை. கிறிஸ்டோ தம்பதிக்கு அந்தச் சலுகை கிடையாது. வேலி போன வழியில் 59 பண்ணைக்காரர்களின் நிலம் இருந்தது. வீடு வீடாகப் போய்க் காப்பி குடித்துப் பேசினார்கள். 18 பொது விசாரணைகள் நடந்தன. 450 பக்கத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதப்பட்டது. ரைஷ்டாகுக்கு 1971-இல் தொடங்கிய முயற்சி 1994-இல்தான் நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 292, எதிர்ப்பு 223. ஒரு கலைஞனின் யோசனைக்காக ஒரு நாட்டின் பிரதிநிதிகள் உட்கார்ந்து வாதாடி வாக்களித்தார்கள். மாட்டுப் பண்ணைக்காரனும் அமைச்சரும் கலை என்றால் என்ன என்று சண்டை போட்டதற்கு வேடிக்கை என்று பெயர் வைப்பது நியாயமா?

இரண்டாவது, யார் பார்த்தார்கள் என்பது. ரைஷ்டாகை அந்த 14 நாளில் 50 லட்சம் பேர் நேரில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். டிக்கெட் இல்லை. செலவுக்கு விளம்பரதாரர் பணம் வாங்கவில்லை. கிறிஸ்டோ முன்கூட்டி வரையும் படங்களை விற்றுத்தான் செலவு செய்தார்கள். கோல்ட்ஸ்வொர்த்தியின் இலை வேலையை அது கலைவதற்கு முன் பார்த்தவர் எத்தனை பேர்? அவரும் அவருடைய கேமராவும். நமக்குக் கிடைப்பது வழவழப்பான காகிதத்தில் அச்சான பெரிய புத்தகம். ஒருவர் நடப்பதற்கு முன் வரைந்த படத்தை விற்றார், இன்னொருவர் நடந்த பின் எடுத்த படத்தை விற்கிறார். இதில் ஒன்று வியாபாரம், மற்றது தவம் என்று எப்படிப் பிரிப்பது?

"அதெல்லாம் சரிப்பா, பிளாஸ்டிக்?" என்று மகள் கேட்பாள். கேட்கட்டும். துணி செயற்கை இழைதான், மறுக்கவில்லை. 1983-இல் மயாமிக்குப் பக்கத்தில் 11 தீவுகளைச் சுற்றி இளஞ்சிவப்புத் துணி விரித்தார்கள். அதற்கு முன் அந்தத் தீவுகளிலிருந்து 40 டன் குப்பையை அள்ளி அகற்றியதும் அவர்கள்தான். கலிபோர்னியா வேலியின் கம்பங்களையும் துணியையும் பண்ணைக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவர்கள் உத்தமர்கள் என்று நான் வாதாட வரவில்லை. அதே வேலியின் கடைசித் துண்டை, கடலோர அனுமதி முடிவாகக் கிடைக்காமலே பசிபிக் கடலுக்குள் இறக்கினார்கள். அது பிழைதான்.

அதைவிடப் பெரிய பிழை 1991-இல் நடந்தது. ஜப்பானில் 1,340 நீலக் குடைகள், கலிபோர்னியாவில் 1,760 மஞ்சள் குடைகள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் உயரம். கலிபோர்னியாவில் பெருங்காற்றில் ஒரு குடை பிடுங்கிக்கொண்டு வந்து மோதியதில், பார்க்க வந்த ஒரு பெண் இறந்துபோனார். கிறிஸ்டோ உடனே இரண்டு நாட்டிலும் எல்லாக் குடைகளையும் மூடச் சொன்னார். ஜப்பானில் குடைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, கிரேன் மின்கம்பியில் பட்டு ஒரு தொழிலாளி இறந்தார்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். 1980-களில் நான் உதவிப் பொறியாளர். எந்தத் துறை, எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு பெரிய விழாவுக்கு மூன்று நாள் பந்தலும் மேடையும். விழா பிரமாதமாக நடந்தது, மறுநாள் பேப்பரில் படம் வந்தது. அன்று இரவு பிரிக்கும்போது ஓர் ஆள் நிமிர்த்திய இரும்புக் குழாய் மேலே போன கம்பியில் பட்டது. இருபது வயசு இருக்கும். ஒப்பந்ததாரர் கூட்டி வந்த ஆள், மஸ்டர் ரோலில் பெயர் இல்லை. "கவனக்குறைவால் நேர்ந்தது" என்று அறிக்கையில் எழுதச் சொன்னார்கள், நான் எழுதினேன். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிரிக்கச் சொல்லாதது என் கவனக்குறைவு. அதை எழுதவில்லை. அவன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கட்டும்போது எல்லாரும் இருப்பார்கள். பிரிக்கும்போது யாரும் இருக்க மாட்டார்கள். தற்காலிகம் என்ற அழகான சொல்லுக்குப் பின்னால் எப்போதும் பிரிக்கிற ஆள் ஒருவன் நிற்கிறான். அந்த ஜப்பான் தொழிலாளியின் சாவு கிறிஸ்டோவின் கணக்கில் இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. குடைகளைப் பற்றிப் பேசுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். என் பந்தலைப் பற்றி அப்படி ஒரு கணக்கு எங்கேயும் இல்லை.

கோல்ட்ஸ்வொர்த்தி யாரையும் காயப்படுத்தவில்லை, உண்மை. அவர் கை வேலையைப் பார்த்து நானும் வாய் பிளந்து நின்றேன். ஆனால் அவருக்கும் பெரிய வேலை வந்தால் ஆள் வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் ஸ்டார்ம் கிங் கலை மையத்தில் அவர் பெயரில் 2,278 அடி நீளக் கல்சுவர் ஒன்று மரங்களைச் சுற்றி வளைந்து போகிறது. அதை அடுக்கியவர்கள் கைதேர்ந்த கல் அடுக்கும் தொழிலாளிகள். சுவரின் படத்தைப் பார்க்கிறவர்களுக்கு மரமும் கல்லும்தான் தெரியும், அந்தக் கைகள் தெரியாது. கிறிஸ்டோவின் வேலையில் துணிக்குப் பின்னால் கயிறு கட்டியவனும் வக்கீலும் எதிர்த்து மனு போட்டவனும் சேர்ந்தே தெரிகிறார்கள்.

இயற்கை என்றால் மனுஷன் இல்லாத இடம் என்று நினைக்கிறவர்களுக்கு கோல்ட்ஸ்வொர்த்தி போதும். நான் முப்பத்து நாலு வருஷம் மனுஷன் இருக்கிற இடத்தில்தான் வேலை பார்த்தேன். அங்கே எதைச் செய்தாலும் அனுமதி வேண்டும், ஆள் வேண்டும். தவறு நடந்தால் பொறுப்பேற்க ஒரு பெயர் வேண்டும். அந்த மூன்றையும் மறைக்காமல் கலையின் பகுதியாகவே வைத்தவர்கள் கிறிஸ்டோ தம்பதி. அதனால் என் ஓட்டு அவர்களுக்கு.

மகள் இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். சண்டை போடட்டும். அந்தப் பையன் விஷயம் அவளுக்கும் இதுவரை தெரியாது.