ஒரு கைக்கு அஞ்சு நிமிஷம் - சின்ன த்ரெட்

1/ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் பெரியவங்களைப் பார்க்கப் போறோம். ஹார்லிக்ஸ், ஆப்பிள், "இப்ப எப்படி இருக்கு?" அதுக்கு மேல பேச ஒண்ணும் இருக்காது. ஆளாளுக்கு போனை எடுத்துடுவோம். அந்த நேரத்துக்கு உருப்படியான ஒரு வேலை சொல்றேன். அவங்க கையை மெதுவா நீவி விடுங்க.

2/ வார்டில் இருப்பவரை நாங்க தொடாத நாளே இல்லை. சுகர் பார்க்க விரலில் குத்துவோம், பிபி பார்க்கக் கையை இறுக்குவோம், ரத்தம் எடுக்க நரம்பு தேடுவோம். எல்லாமே அவசியம்தான். ஆனா வலிக்காத, அவசரமில்லாத தொடுதல் ஒண்ணுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் குடும்பம்தான் தரமுடியும்.

3/ இது வெறும் சென்டிமென்ட் இல்லீங்க. புறங்கை, முன்கை மாதிரி முடி இருக்கும் தோலில், மெதுவான வருடலை உணர்வதற்கென்றே சி-டாக்டைல் என்ற நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில், வெதுவெதுப்பான கை வருடும்போதுதான் இவை நன்றாகத் தூண்டப்படும். பரபரன்னு தேய்ச்சா அந்த அளவுக்கு இருக்காது.

4/ எப்படிச் செய்யணும்? கை கழுவுங்க. மோதிரத்தைக் கழட்டுங்க. "பிடிச்சு விடட்டுமா?"ன்னு கேளுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. அவங்க கைக்குக் கீழே ஒரு தலையணை வைங்க. நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும்.

5/ மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீவ ஏழெட்டு நொடி ஆகணும், அவ்வளவு மெதுவா. பிறகு உள்ளங்கையில் கட்டைவிரலால் வட்டமா அழுத்துங்க. கடைசியா ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனி வரை. சொடக்கு எடுக்காதீங்க. ஒரு கைக்கு அஞ்சு நிமிஷம்.

6/ எங்கே கூடாது? ட்ரிப்ஸ் ஊசி இருக்கும் கை, டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கை, புண் அல்லது எலும்பு முறிவு உள்ள கை, திடீர்னு வீங்கிச் சிவந்த கை. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆன பக்கத்துக் கைன்னா முதலில் டாக்டரைக் கேளுங்க. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு அழுத்தவே வேண்டாம், தடவினா போதும்.

7/ இதனால் ஹார்ட் பிளாக் கரையாது, சுகர் குணமாகாது. "உள்ளங்கையில் இந்தப் புள்ளியை அழுத்தினா மாரடைப்பு நிக்கும்"னு வாட்ஸ்அப்பில் வந்தா அப்படியே டெலீட் பண்ணுங்க. நெஞ்சு வலின்னா 108தான். கையில் தொடர்ந்து மரத்துப்போனா மசாஜ் வேண்டாம், டாக்டர்கிட்ட வாங்க.

8/ "அதுக்குத்தான் நர்ஸ் இருக்காங்களே?"ன்னு கேட்பீங்க. ஊசி, மருந்து, ட்ரிப்ஸுன்னு ஓடுறவங்களுக்கு ஒருத்தர் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார நேரம் கிடைக்காது. அதோட, பேரன் கை வேற, நர்ஸ் கை வேற.

9/ ஆம்பளைங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்போம். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்க மாட்டோம். கூச்சம். துணையை இழந்த பெரியவங்க வீட்டுக்குள்ளேயே யார் கையும் படாம மாசக்கணக்கா இருக்காங்க. இந்தக் கூச்சத்துக்கு விலை கொடுக்கிறது அவங்கதான்.

10/ அதனால ஆஸ்பத்திரி வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கு ராத்திரி டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையை மட்டும் பிடிச்சு விடுங்க. "என்னடா திடீர்னு?"ன்னு கேட்பாங்க. "சும்மாதான்"னு சொல்லுங்க.