சாரண ஆசிரியருக்கு நாம் தரக்கூடியது

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களைச் சாரணர் இயக்கத்தில் வழிநடத்தும் ஆசிரியர்கள் ஊதியம் கருதாது உழைக்கின்றனர். அடுத்த வாரம் என்ன பயிற்சி அளிப்பது, அதற்கான நூலை எங்கே பெறுவது என்னும் கவலையும் அவர்களையே சேர்கிறது. அக்கவலையில் நமக்கும் பங்கு உண்டு.

பேடன் பவல் 1908-இல் வெளியிட்ட ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ நூலை இன்று இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். தடமறிதல், முகாமிடல், முதலுதவி ஆகியவற்றை விளையாட்டின் வழியே கற்பிக்கும் நூல் அது. உலக சாரணர் அமைப்பும் சுற்றுச்சூழல், அமைதி குறித்த கையேடுகளை இலவசமாக வழங்குகிறது. ஆயினும் இவை ஆங்கிலத்தில் உள்ளன. பட்டம் பெற்ற நம் மக்கள் வாரம் ஒரு பக்கத்தைத் தமிழாக்கித் தந்தால் அதுவே பேருதவி.

இணையத்தில் கிடைக்காத வளமும் நம் ஆரணியில் உண்டு. சாரணர் கற்கும் ‘ஷீட் பெண்ட்’ முடிச்சும், அறுந்த இழையை இணைக்க நெசவாளர் இடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. முதிய நெசவாளர் ஒருவரை ஒரு மாலை அழைத்தால், கயிற்றுத் துண்டுகளே செலவு. திசைகாட்டியைக் கொண்டு கிப்லாவை அறிவதும் அத்தகையதே. அது மேற்கிலிருந்து சற்று வடக்கே அமைவதைப் பிள்ளை தானே கண்டறிந்தால், அப்பாடம் மறக்காது.

எனவே ஜும்ஆவுக்குப் பின் அந்த ஆசிரியரைச் சந்தித்து, அவருக்கு என்ன தேவை என்று கேட்போம், இன்ஷா அல்லாஹ்.