எலி கடிக்காமலே வரும் எலிக்காய்ச்சல்

எலிக்காய்ச்சல் என்று மருத்துவர் சொன்னதும், "எங்களை எலி எதுவும் கடிக்கலையே" என்பதுதான் பலரிடமிருந்தும் வரும் முதல் பதில். பெயர் செய்கிற குழப்பம் அது. எலி கடித்து வரும் காய்ச்சல் தனியாக உண்டு. அது வேறு கிருமிகளின் வேலை. எலிக்காய்ச்சலைத் தருவது லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா. எலிக்குப் பெரிய தொல்லை தராமல் அதன் சிறுநீரகக் குழாய்களில் குடியிருந்து, சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் உயிரோடு கிடக்கும்.

வீட்டில் எலியே இல்லை என்பாரும் உண்டு. மாடு, பன்றி, நாயின் சிறுநீரிலும் இது வரும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடி மாவட்டத்தின் நாசரேத் வட்டாரம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. அப்படிப்பட்ட வெள்ளத்தில் மாட்டுத்தொழுவமும் சாக்கடையும் வாழைத்தோட்டமும் கலந்த தண்ணீரில் முழங்கால் அளவு நிற்பவருக்கு, எலி எங்கே இருந்தால் என்ன?

"காலில் காயமே இல்லை" என்பது அடுத்த வாதம். குதிகால் வெடிப்பும் சேற்றுப்புண்ணும் காயம்தான். தண்ணீரில் வெகுநேரம் ஊறிய தோல், கண், மூக்கு, வாய் வழியாகவும் கிருமி நுழையும்.

அதன் உடலமைப்பே அதற்கு உதவுகிறது. மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்கிட்டால் ஒரு பங்குதான் அதன் தடிமன். நெளிநெளியான உடல், கேள்விக்குறி போல வளைந்த நுனி. மேலுறைக்குள்ளேயே இரண்டு இழைகள் சுழல, திருகாணி இறங்குவதுபோல முன்னேறும். நம் செல்களைச் சுற்றியுள்ள புரத வலையைப் பற்றிக்கொள்ளும். ரத்தக் கட்டியைக் கரைக்க நம் உடல் வைத்திருக்கும் பிளாஸ்மினோஜனைத் தன் மேல் ஒட்டவைத்து, அதைக்கொண்டே அந்த வலையை அறுக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் செல்லும் செல்லும் கோத்திருக்கும் பிடியும் தளர்கிறது. ரத்தம் கசிகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தான நம்பிக்கை, மஞ்சள் காமாலை வந்தால்தான் எலிக்காய்ச்சல் என்பது. பெரும்பாலோருக்குக் காமாலை வருவதே இல்லை. காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, சிவந்த கண், அவ்வளவுதான். அந்தமானில் 1988 முதல் நுரையீரலில் ரத்தம் கசிந்து பலர் இறந்தார்கள்; காரணம் புரியாமல் 'அந்தமான் ரத்தப்போக்குக் காய்ச்சல்' என்றார்கள். அதுவும் லெப்டோஸ்பைராதான் என்று 1990களில் தெரியவந்தது.

டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய மருந்துகளே இதற்குப் போதும். தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். தண்ணீரில் இறங்கிய பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வருவதால், மருத்துவமனைக்குப் போகிறவர் எந்தத் தண்ணீரில், எந்த நாளில் நின்றார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.