தடை உத்தரவு எல்லை தாண்டும்போது

இணையதளம் ஒன்றை முடக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. பணியில் இருக்கும் பொறியாளர் அந்தத் தளத்தின் ஐ.பி. முகவரியைக் கண்டுபிடித்து, எல்லை ரவுட்டரில் ஒரு நல் ரூட் (போக்குவரத்தை விழுங்கிவிடும் ரூட்) போடுகிறார். ஒரே ஒரு வரிதான். நம் வாடிக்கையாளர் யாரும் இனி அங்கே போக முடியாது. உத்தரவு நிறைவேறியது என்று பதில் அனுப்பியாகிறது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழும் நீதிமன்ற ஆணைகளின் பேரிலும் இது நம் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. இலங்கையில் 2018, 2019, 2022 ஆண்டுகளில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது அங்குள்ள நம் தொழில் நண்பர்களும் அவசர அவசரமாக உத்தரவை நிறைவேற்ற வேண்டியிருந்தது.

அந்த உத்தரவுகள் நியாயமானவையா என்பது தனி விவாதம். அதில் இந்த இதழுக்குக் கருத்து உண்டு, வேறொரு நாள் எழுதுவோம். இம்முறை நம் கவலை சிறியது, ஆனால் அவசரமானது. ரவுட்டரில் போட்ட அந்த ஒரு வரி நம் வலையமைப்புக்குள்ளேயே நிற்கிறதா?

2008 பிப்ரவரி 24 அன்று அது நிற்கவில்லை. யூடியூபை முடக்கும்படி பாகிஸ்தான் அரசு ஆணையிட்டிருந்தது. யூடியூப் அப்போது 208.65.152.0/22 என்ற தொகுதியை அறிவித்துவந்தது. பாகிஸ்தான் டெலிகாம், தன் ஏஎஸ் 17557 எண்ணிலிருந்து, அதற்குள் அடங்கிய 208.65.153.0/24 தொகுதியை அறிவித்தது. உள்நாட்டுப் போக்குவரத்தை விழுங்குவதற்காகப் போட்ட ரூட் அது. யூடிசி நேரப்படி 18:47 மணிக்கு அது ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனத்துக்குக் கசிந்தது. அவர்கள் அதை வடிகட்டாமல் உலகத்துக்கே சொன்னார்கள். நீளமான ப்ரீஃபிக்ஸ்தான் வெல்லும் என்ற விதியை நாம் பயிற்சியின் முதல் நாளிலேயே கற்கிறோம். அந்த விதிப்படி உலகின் பெரும்பகுதியில் யூடியூபுக்கான போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. யூடியூப் 20:07 மணிக்குத் தானும் அதே /24 தொகுதியை அறிவித்தது. போதவில்லை. 20:18 மணிக்கு அதையும் இரண்டு /25 துண்டுகளாக உடைத்து அறிவித்தது. 21:01 மணிக்கு பிசிசிடபிள்யூ அந்த ரூட்டைத் திரும்பப் பெற்ற பிறகே முழுமையாக அடங்கியது. இரண்டே கால் மணி நேரம்.

இந்தச் சம்பவத்தை எல்லாப் பயிலரங்குகளிலும் சொல்கிறார்கள். பழைய கதை என்று எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைகிறோம். ஆனால் 2021 பிப்ரவரி 5 அன்று, மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அதே வாரத்தில், ட்விட்டரை முடக்கும் உத்தரவு வந்ததும், காம்பனா என்ற சேவையாளர் ட்விட்டரின் 104.244.42.0/24 தொகுதியைத் தன்னுடையதாக வெளியே அறிவித்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, அதே பிழை, அதே வழியில். அடுத்த ஆண்டு மார்ச் 28 அன்று ரஷ்யாவின் ஆர்டிகாம், ஏஎஸ் 8342 எண்ணிலிருந்து, அச்சுப் பிசகாமல் அதே 104.244.42.0/24 தொகுதியை அறிவித்தது. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அந்த அறிவிப்பு நீடித்தது. இம்முறை மட்டும் அது அதிக தூரம் போகவில்லை. இடைப்பட்ட காலத்தில் ட்விட்டர் அந்தத் தொகுதிக்கு ஆர்.ஓ.ஏ. (எந்த ஏஎஸ் எண் அதை அறிவிக்கலாம் என்ற சான்று) பதிவு செய்திருந்தது; மூலச் சரிபார்ப்பு செய்யும் பெரிய டிரான்சிட் நிறுவனங்கள், செல்லாத ரூட் என்று கண்டு அதைத் தள்ளிவிட்டன.

இந்த மூன்று நாட்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தடை போட்டவரின் கவனம் 2022இல் கூடிவிடவில்லை. கை வழுக்கியது மூன்று முறையும் ஒன்றுபோலவே. மாறியது, அந்த வழுக்கலைப் பக்கத்து வலையமைப்பு ஏற்றுக்கொண்டதா, மறுத்ததா என்பது மட்டும்தான். பொறியாளர்களை இன்னும் கவனமாக இருக்கச் சொல்வதால் ரூட் கசிவு நிற்காது. கசிந்தாலும் போக வழியில்லாதபடி வெளி எல்லையையும் உள் எல்லையையும் கட்டிவைத்தால்தான் நிற்கும்.

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இன்று இணையம் தருபவர்களில் பலர் கேபிள் டிவி தொழிலிலிருந்து வந்தவர்கள். சொந்தமாக ஏஎஸ் எண், ஒரு சிறிய முகவரித் தொகுதி, இரண்டு அப்ஸ்ட்ரீம், சென்னையில் ஒரு பரிமாற்ற மையத்தில் ஒரு போர்ட், எல்லையில் ஒரு மைக்ரோடிக் பெட்டி. அந்தப் பெட்டியின் ஆறாம் பதிப்பு மென்பொருளில், ஸ்டேட்டிக் ரூட்டுகளை பி.ஜி.பி.க்குள் கொட்டும் வசதி ஒரே ஒரு டிக் குறியில் அடங்கிவிடும். என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு வாடிக்கையாளரின் தொகுதியை வெளியே அறிவிக்க யாரோ அதை டிக் செய்திருப்பார். அதன் பிறகு அந்த ரவுட்டரில் போடும் ஒவ்வொரு நல் ரூட்டும், வெளிச்செல்லும் ஃபில்டர் இல்லாவிட்டால், அப்ஸ்ட்ரீமுக்கு ஓர் அறிவிப்பாகவே போய்ச் சேரும். பெரிய நிறுவனங்களில் இதே பிழைக்கு வேறு உருவம்: உள்வலையில் பரப்புவதற்காகக் குறியிட்ட ரூட், வெளிக்கொள்கையில் அந்தக் குறியைத் தடுக்கும் வரி விடுபட்டதால் வெளியேறிவிடும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வெளிச்செல்லும் கொள்கையை, 'இவை இவை போகக் கூடாது' என்று எழுதிப் பழகிவிட்டோம். நாளை எந்தத் தொகுதிக்குத் தடை வரும் என்று தெரியாதபோது, போகக் கூடாதவற்றின் பட்டியல் என்றைக்கும் முழுமையாகாது. நம் தொகுதிகள், நம் வாடிக்கையாளர்களின் தொகுதிகள், இவை மட்டும் போகலாம், மற்ற எல்லாம் நிற்கட்டும் என்று திருப்பி எழுதினால், எத்தனை நல் ரூட் போட்டாலும் ஒன்றும் வெளியே தலைகாட்டாது. 2017இல் வந்த ஆர்.எஃப்.சி. 8212 இதே நோக்கில்தான் சொல்கிறது: கொள்கை எதுவும் எழுதப்படாத வெளி பி.ஜி.பி. அமர்வில் எதையும் ஏற்கவும் வேண்டாம், எதையும் அனுப்பவும் வேண்டாம். சிஸ்கோவின் ஐ.ஓ.எஸ். எக்ஸ்.ஆர். இப்படித்தான் நடந்துகொள்கிறது. எஃப்.ஆர்.ஆர். மென்பொருளில் 7.4 பதிப்பு முதல் இதுவே இயல்பு. பழைய சிஸ்கோ ஐ.ஓ.எஸ். ஓடும் பெட்டிகளில் அந்தக் காப்பு தானாக வராது. நாமேதான் எழுதியாக வேண்டும்.

தடைக்கென்று போடும் ரூட்டுகளுக்குத் தனியாக ஒரு டேக் வைத்துக்கொண்டு, எல்லா வெளி அமர்விலும் முதல் வரியாகவே அந்த டேக்கை மறுப்பது இன்னொரு காப்பு. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். ஒன்று தவறும் நாளில் மற்றது தாங்கும்.

அப்ஸ்ட்ரீம் நிறுவனங்களிடம் இதைவிடக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. சிறு சேவையாளர் ஒரு புதிய தொகுதியை அறிவிக்க வேண்டுமானால், அனுமதிக் கடிதம் கொண்டுவா, முத்திரை வை, ஸ்கேன் செய்து அனுப்பு என்று நாள்கணக்கில் அலைய விடுகிறார்கள். கடிதம் வந்த பிறகு யாரோ ஒருவர் கண்ணால் பார்த்து ஃபில்டரில் கையால் சேர்க்கிறார். சில இடங்களில் அந்த ஃபில்டரே இருப்பதில்லை. கடிதம் கோப்பில் இருக்கிறது, அமர்வு திறந்து கிடக்கிறது. 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியாவின் ஏஎஸ் 55410 எண்ணிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட பிறர் தொகுதிகள் அந்நிறுவனத்தினுடையவையாக வெளியே போயின. அவ்வளவு ரூட்டுகள் ஒரே மூச்சில் வரும்போது அமர்வைத் துண்டிக்க, அதிகபட்ச ப்ரீஃபிக்ஸ் எண்ணிக்கை என்று ஒரு வரி போதும். அதற்குப் பணம் செலவில்லை, புதிய பெட்டி வேண்டாம். வாடிக்கையாளர் நாற்பது ரூட் தருபவர் என்றால் வரம்பை நூறில் வைக்கலாம். நம் நாட்டின் எத்தனை டிரான்சிட் அமர்வுகளில் அந்த வரி இருக்கிறது என்று ஒவ்வொரு நிறுவனமும் தன்னைத்தானே எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். காசு வாங்கி இணைப்புக் கொடுக்கும் நிறுவனம், வாடிக்கையாளர் சொல்வதையெல்லாம் சரிபார்க்காமல் உலகத்துக்கு எடுத்துச் சொல்வது சேவைக் குறைபாடு என்றே இந்த இதழ் கருதுகிறது.

முகவரித் தட்டுப்பாடு இந்தச் சிக்கலை இன்னொரு பக்கமிருந்து இறுக்குகிறது. 2011 பிப்ரவரி 3 அன்று ஐயானாவின் ஐபிவி4 கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நம் பகுதிக்கான ஏப்னிக் கடைசி /8 தொகுதியைத் தொட்டது. 103 என்று தொடங்கும் சின்னஞ்சிறு தொகுதிகளோடு நம்மில் பலர் தொழில் தொடங்கியது அதனால்தான். தட்டுப்பாடு பயனாளர் பக்கம் சி.ஜி.நாட் ஆகிறது, தளங்களின் பக்கம் பகிர்ந்த முகவரியாகிறது. சி.டி.என். நிறுவனத்தின் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கலாம். 2022 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் பதிப்புரிமை வழக்கு ஒன்றின் ஆணைப்படி கிளவுட்ஃப்ளேரின் சில முகவரிகளை அங்குள்ள சேவையாளர்கள் முடக்கியபோது, வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்கள் கூடவே அணைந்தன. ஆணையில் தளத்தின் பெயர் இருக்கும்போது ஐ.பி. முகவரியைத் தேடிப்போய் முடக்குவது, எழுத்துப்படி பணிந்ததாகத் தோன்றினாலும், கேட்காததையும் சேர்த்து முடக்குவதே. எந்த முறையில் தடுப்பது என்று ஆணை சொல்லாதபோது, டிஎன்எஸ் அளவில் நிறுத்துங்கள். ஐ.பி. முகவரியையே ஆணை குறிப்பிட்டால், அது பகிர்ந்த முகவரியா என்று பார்த்து, பகிர்ந்ததென்றால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு; கேட்டதற்கான பதிவும் கோப்பில் இருக்கும்.

ஆர்.ஓ.ஏ.வுக்கு அடிப்படையான ஆர்.பி.கே.ஐ. பற்றிச் சில வார்த்தைகள், ஏனெனில் அதைப் பற்றிய தவறான நிம்மதி பரவிவருகிறது. ஆர்.ஓ.ஏ. போட்டாயிற்று, நாம் பாதுகாப்பு என்று சொல்பவர்களைச் சந்திக்கிறோம். ஆர்.ஓ.ஏ. போடுவது நம் தொகுதியைப் பிறர் சரிபார்க்க வழி செய்கிறது. பிறர் தொகுதியை நாம் சரிபார்ப்பது தனி வேலை. அதற்கு வேலிடேட்டர் ஓட வேண்டும், செல்லாத ரூட்டுகளை ரவுட்டர் தள்ள வேண்டும். 2024 மே மாதத்தில் உலக ஐபிவி4 ரூட்டுகளில் பாதிக்கு மேல் ஆர்.ஓ.ஏ. வந்துவிட்டது. தள்ளுபவர்கள் இருந்தால்தான் அந்தப் பாதிக்குப் பொருள்.

அடுத்தது, அதிகபட்ச நீளம். /22 மட்டும் அறிவிப்பவர்கள், பின்னால் தேவைப்படலாம் என்று ஆர்.ஓ.ஏ.வில் /24 வரை அனுமதித்துவிடுகிறார்கள். நம் ஏஎஸ் எண்ணையே மூலமாகப் போலியாகக் காட்டி ஒருவன் அந்த /24 தொகுதியை அறிவித்தால், அது செல்லுபடியானது என்றே எல்லா வேலிடேட்டரும் சொல்லும். நாம் அறிவிக்கும் நீளத்துக்கு மட்டுமே ஆர்.ஓ.ஏ. போடுங்கள் என்று 2022இல் வந்த ஆர்.எஃப்.சி. 9319 அறிவுறுத்துவது இதற்காகத்தான். மூலச் சரிபார்ப்பு கை வழுக்கலைப் பிடிக்கும். திட்டமிட்டுப் போலி செய்பவனை அது மட்டும் பிடிக்காது. பாதையைச் சரிபார்க்கும் ஆஸ்பா பரவும்வரை வாடிக்கையாளர் ஃபில்டர்தான் நம் கையிலுள்ள தடுப்பு.

இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. 2024 ஜனவரி 3 அன்று ஸ்பெயினின் ஆரஞ்ச் நிறுவனத்துக்கு முகவரிப் பதிவகமான ரைப்பில் இருந்த கணக்குக்குள் ஒருவன் நுழைந்தான். கடவுச்சொல் எவரும் ஊகிக்கக் கூடிய அளவுக்கு எளியது. இரட்டைச் சரிபார்ப்பு கிடையாது. அவன் ரவுட்டர் எதையும் தொடவில்லை. அவர்களுடைய தொகுதிகளுக்குத் தவறான ஏஎஸ் எண்ணோடு ஆர்.ஓ.ஏ. உருவாக்கினான். செல்லாத ரூட்டுகளைத் தள்ளும் வலையமைப்புகள் எல்லாம் ஆரஞ்சின் உண்மையான அறிவிப்புகளைத் தள்ளின. சில மணி நேரம் அந்நாட்டின் லட்சக்கணக்கானவர்களுக்கு இணையம் தடுமாறியது. பதிவகக் கணக்கின் கடவுச்சொல்லுக்கு இப்போது எல்லை ரவுட்டரின் கடவுச்சொல்லுக்கு உள்ள அதே மதிப்பு உண்டு. நம் சிறு நிறுவனங்களில் அந்தக் கணக்கு பெரும்பாலும் யாருடைய பெயரில் இருக்கிறது? நிறுவனத்தைத் தொடங்கியபோது உதவிய ஆலோசகர் பெயரிலா, வேலையை விட்டுப்போன பொறியாளரின் தனிப்பட்ட மின்னஞ்சலிலா? இதைப் பார்த்துச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதும்.

கடைசியாக, தொலைபேசி. கசிவு நடந்தபின் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது, தவறு நடந்த இடத்தில் யார் எடுத்துப் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஹூயிஸ் பதிவில் விற்பனைப் பிரிவின் எண், பியரிங்டிபியில் மூன்றாண்டுக்கு முந்தைய மின்னஞ்சல் என்றிருந்தால், உலகின் மறுகோடியில் நம் தவறால் தவிப்பவர் நம்மைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரவு கழிந்துவிடும். இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் எண்ணையே அங்கே போடுங்கள்; அந்த ஆளுக்கு, மேலதிகாரியை எழுப்பாமலேயே ஓர் அறிவிப்பைத் திரும்பப் பெறும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுங்கள்.