முதலில் தண்டவாளம், பிறகு வீடு

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். "சார், பன்வேல் பக்கம் மூன்றாவது மும்பை வருகிறதாமே, இப்போதே ஒரு ஃபிளாட் புக் செய்துவிடலாமா?" என்று கேட்டார். "அங்கே ரயில் எப்போது வரும்?" என்றேன். "அதெல்லாம் வந்துவிடும் என்கிறார்கள்" என்றார்.

அந்த "வந்துவிடும்" என்ற சொல்லைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். நான் நகரத் திட்ட நிபுணன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் திட்டம் போட்டுக் கட்டிய ஒரு நகரத்தில் அதன் இளமைக் காலம் முதல் குடியிருந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

நவி மும்பை எப்படிப் பிறந்தது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. பழைய பம்பாய் கடலுக்குள் நீட்டிய குறுகிய நிலம். அலுவலகங்களெல்லாம் தெற்கு முனையில், தொழிலாளிகள் வடக்கே. காலையில் எல்லா ரயிலும் தெற்கே நிரம்பி வழியும், மாலையில் வடக்கே. இதற்கு மாற்றாக, கடற்கழிக்குக் கிழக்கே ஓர் இரட்டை நகரம் வேண்டும் என்று 1965-ல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் ஆகிய மூவர் எழுதினார்கள். 1970-ல் மாநில அரசு சிட்கோ நிறுவனத்தைத் தொடங்கியது. மொத்தம் 344 சதுர கிலோமீட்டர் பரப்பு.

அந்த மூவரின் யோசனையில் உயிர்நாடியான அம்சம் ஒன்று இருந்தது. மாநில அரசின் அலுவலகங்களே கழியைத் தாண்டி இங்கு வர வேண்டும் என்பதே அது. அரசு வந்தால் வங்கி வரும், வங்கி வந்தால் கம்பெனி வரும். ஆனால் நடந்தது என்ன? நாரிமன் பாயிண்டில் கடலைத் தூர்த்து அடுக்கு மாடி அலுவலகங்கள் எழும்பின. 1981-ல் புதிய சட்டமன்றக் கட்டடமும் அங்கேயே திறக்கப்பட்டது. வேலை அந்தக் கரையிலேயே தங்கியது. குறைந்த விலையில் வீடு மட்டும் இந்தக் கரைக்கு வந்தது.

அதன் பலனை என் வீட்டிலேயே பார்த்தேன். 1989-ல் வாஷியில் குடியேறினோம். என் மனைவிக்குக் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை. காலை ஏழு மணிக்குப் பஸ் பிடித்து, பாலத்து நெரிசலில் நின்று, மான்குர்த்தில் இறங்கி ரயில் ஏற வேண்டும். மகன் பிறந்த பிறகு அவனைப் பக்கத்து வீட்டு மராட்டிய அம்மாளிடம் விட்டுச் செல்வாள். திரும்பி வரும்போது பல நாள் அவன் தூங்கிவிட்டிருப்பான். 1991 டிசம்பரில் அவள் வேலையை ராஜினாமா செய்தாள். ஐந்து மாதம் கழித்து, 1992 மே 9-ஆம் தேதி, மான்குர்த்-வாஷி ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதை வேலையில் நானும் ஒருவன். தண்டவாளம் போட்டவன் வீட்டிலேயே ரயில் இல்லாமல் ஒரு வேலை போயிற்று. இன்றும் அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.

"ஆளே இல்லாத இடத்துக்கு ரயில் விட்டால் நஷ்டம்தானே?" என்று சிலர் கேட்கலாம். எங்கள் இலாகாவிலேயே அப்படிக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் ரயில் வந்ததும் நிலத்தின் விலை ஏறுகிறது. நிலம் திட்டக் கழகத்தின் கையில் இருக்கும்போது அந்த ஏற்றத்திலிருந்தே ரயில் செலவை எடுக்கலாம். நவி மும்பைப் பாதைகளுக்கு சிட்கோ 67 சதவீதமும் ரயில்வே 33 சதவீதமும் செலவைப் பகிர்ந்துகொண்டது இந்தக் கணக்கில்தான். நாட்டுக்கே முன்மாதிரியான ஏற்பாடு அது. முறை சரி, காலம்தான் தவறியது. கழகம் தொடங்கி 22 ஆண்டுகள் கழித்தல்லவா வாஷிக்கு ரயில் வந்தது!

வேலை முதலில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. மஸ்ஜித் பந்தர் பகுதியிலிருந்த வெங்காய, உருளைக்கிழங்கு மண்டியை அரசு வாஷிக்கு மாற்றியது. வியாபாரிகள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். அவர்களோடு லாரிக்காரர்களும் சுமைத் தொழிலாளர்களும் வந்தார்கள். குடியிருப்புகள் தாமாக நிறைந்தன.

அந்தப் பாடத்தை நாம் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. உரண் அருகே நவசேவா துறைமுகம் 1989-ல் திறக்கப்பட்டது. உரணுக்குப் பயணிகள் ரயில் வந்ததோ 2024 ஜனவரியில். இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள். ஒரு தலைமுறையே பஸ்ஸில் போய்விட்டது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. நாம் குடியிருக்கும் இந்த மண் 95 கிராமங்களின் வயலும் உப்பளமும். உரிய இழப்பீடு கேட்டுப் போராடியபோது 1984 ஜனவரியில் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர். கையகப்படுத்திய நிலத்துக்கு ஈடாக 12.5 சதவீத மனை வழங்கும் திட்டம் அதன் பிறகுதான் வந்தது. அதுவும் கடைசியில் செய்த முதல் வேலை.

இப்போது உரண், பன்வேல், பேண் வட்டங்களில் 124 கிராமங்களைச் சேர்த்து அடுத்த நகரத்துக்குத் திட்டமிட்டுள்ளார்கள். 2024-ல் கடல் பாலம் திறந்தாயிற்று, 2025-ல் விமான நிலையமும் திறந்தாயிற்று. நல்ல காரியங்கள்தாம். ஆனால் தினமும் எட்டரை மணிக்கு வேலைக்குப் போகிறவர் விமானத்தில் போவதில்லை. சுங்கம் கட்டிக் காரில் போகவும் எல்லோராலும் முடியாது.

ஆகவே என் அபிப்பிராயம் இது. நிலம் கொடுத்தவருக்குப் பங்கு முதலில். ரயிலும் வேலை இடமும் அடுத்து. வீடு விற்பனை அதற்குப் பிறகு. இந்த வரிசையை அரசிடம் கேட்பது நம் சங்கத்துக்கும் பொருந்தும். மாதுங்காவிலும் தாராவியிலும் இருந்து இங்கு வந்த குடும்பங்கள் நாம். தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள். மராட்டிய, மலையாளி அன்பர்களின் சங்கங்களோடு சேர்ந்து ஒரு மனு எழுதுவோம். வரைவு எழுதித்தர நான் தயார்.

அந்த இளைஞருக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "தம்பி, விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். ஒரு திங்கட்கிழமை காலை அந்த இடத்திலிருந்து உங்கள் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். முடிந்தால் உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். அப்புறம் கையெழுத்துப் போடலாம்."