தீபாவளிக்குப் பங்கு விலை ஏறுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்ஸெல் பழகியவுடன் எதையாவது கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். வீட்டுச் செலவுக் கணக்கு என்றால் நல்லதுதான். பங்குச் சந்தை என்றால் கொஞ்சம் கவனம் தேவை.

விடுமுறையில் என் சொந்த ஊரான அம்மையார்குப்பம் சென்றிருந்தேன். தறி வைத்திருக்கும் மாமா, தன் புதுக் கம்ப்யூட்டரில் ஒரு சார்ட்டைக் காட்டினார். டைட்டன் பங்கின் 20 ஆண்டு விலைகளை டவுன்லோட் செய்து, ஒவ்வொரு மாதமும் சராசரியாக எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று போட்டிருந்தார். டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984ல் தொடங்கிய நிறுவனம் அது. தீபாவளி நேரத்தில் அதன் நகை விற்பனை சூடு பிடிக்கும்.

"ஜூன்ல நல்லா விழுது மாப்பிள்ளை. அப்ப வாங்கி தீபாவளிக்கு வித்துடலாம். நூல் வாங்க வச்சிருக்கிற பணத்தைப் போடட்டுமா?" என்றார்.

அந்தப் பைலில் 2011 ஜூன் மாத வரிசையைப் பார்த்தேன். விஷயம் புரிந்தது. அந்த மாதம் டைட்டன் 10 ரூபாய் முகமதிப்புப் பங்கை 1 ரூபாய்ப் பங்குகளாகப் பிரித்து, ஒன்றுக்கு ஒன்று போனஸும் கொடுத்தது. ஒரு பங்கு 20 ஆனது. விலை இருபதில் ஒன்றாகக் குறைந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் மாமா எடுத்த பட்டியலில் இது சரிசெய்யப்படவில்லை. எக்ஸெல் அதை 95 சதவீத வீழ்ச்சியாக எடுத்துக் கொண்டு, ஜூன் மாதச் சராசரியையே கீழே இழுத்துவிட்டது.

பட்டியலைச் சரிசெய்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. தீபாவளி 2023ல் நவம்பர் 12, 2024ல் அக்டோபர் 31, 2025ல் அக்டோபர் 20. ஆங்கில மாதத்தை வைத்துப் பண்டிகையைப் பிடிக்க முடியாது. மேலும், தீபாவளிக்கு நகை விற்கும் என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த செய்தி விலையில் முன்பே ஏறியிருக்கும். எதிர்பார்த்ததை விட விற்பனை கூடினாலோ குறைந்தாலோதான் விலை பெரிதாக நகரும்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு நாணயத்தை 10 முறை சுண்டினால், 8 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தரைதான். ஆனால் 12 மாதங்களுக்கும் தனித்தனியாக 10 முறை சுண்டினால், ஏதாவது ஒரு மாதத்திலாவது அப்படி விழும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. "பத்து வருடத்தில் எட்டு வருடம் ஏறிய மாதம்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

என் கருத்து இதுதான். சார்ட் அழகாக இருக்கிறது என்பதற்காகத் தொழிலுக்கு வைத்த பணத்தை எடுக்காதீர்கள். முதலில் டேட்டா சரியா என்று பாருங்கள். பிறகு பழைய பத்து ஆண்டுகளில் கண்ட விதி அடுத்த பத்து ஆண்டுகளில் பொருந்துகிறதா என்று சோதித்திடுங்கள்.

மாமா அந்தப் பணத்தில் நூல்தான் வாங்கினார். எக்ஸெல்லில் இப்போது தறிக் கணக்கு எழுதுகிறார்.